ஜப்பானியத் தாத்தா இருந்தால் ஜப்பான் பாஸ்போர்ட் கிடைத்துவிடுமா?

"என் தாத்தா ஜப்பானில் பிறந்தவர். அப்படியானால் எனக்கு ஜப்பான் பாஸ்போர்ட் கிடைக்குமா?" பிரேசில், பெரு, பிலிப்பைன்ஸ், ஹவாய் என்று ஜப்பானியர்கள் நூறு வருஷத்துக்கு முன்னால் பிழைக்கப் போன இடங்களிலெல்லாம் இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால் பேரப்பிள்ளை தன் பெயரைப் பதிந்து ஐரிஷ் குடிமகனாகிவிடலாம். இத்தாலி 2025 மார்ச் வரை தலைமுறைக்கு எல்லை வைக்காமல் கொள்ளுத்தாத்தா வழியாகக்கூட ஒப்புக்கொண்டது. இதைப் பார்த்தவர்கள் ஜப்பானிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அந்த நம்பிக்கையில் ஏஜென்டிடம் பணத்தையும் கட்டிவிடுகிறார்கள்.

ஜப்பானில் அப்படி ஒரு விண்ணப்பமே கிடையாது. ஜப்பானிய வம்சம் என்பதற்காக யாருக்கும் குடியுரிமை தருவதில்லை. நீங்கள் பிறந்த நாளிலேயே ஜப்பானியக் குடிமகனா இல்லையா என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் சொல்வது ஒரு பதிவேடு.

அடிப்படை விதி

இப்போது நடப்பில் இருக்கும் குடியுரிமைச் சட்டம் 1950 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன் 1899-ஆம் ஆண்டுச் சட்டம். இப்போதைய சட்டத்தின் 2-ஆவது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: குழந்தை பிறக்கும்போது தந்தையோ தாயோ ஜப்பானியக் குடியுரிமை உள்ளவராக இருந்தால் குழந்தையும் ஜப்பானியக் குடிமகன். குழந்தை டோக்கியோவில் பிறந்தாலும் சாவோ பாலோவில் பிறந்தாலும் இந்த விதி ஒன்றுதான். தாத்தா பாட்டி பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

இதிலிருந்து சில விஷயங்கள் நேராக வருகின்றன.

1. தாத்தா ஜப்பானியர் என்றால், அவர் மகனோ மகளோ (அதாவது உங்கள் அப்பாவோ அம்மாவோ) ஜப்பானியராகப் பிறந்து, நீங்கள் பிறந்த நாளில் இன்னும் ஜப்பானியராக இருந்தாரா என்று பார்க்க வேண்டும். இந்தச் சங்கிலியின் நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் உங்கள் வரை வராது.

2. கண்ணி அறாமல் இருந்தால் எத்தனை தலைமுறை தாண்டியும் வரும். சட்டம் இத்தனையாவது தலைமுறையோடு சரி என்று கோடு போடவில்லை.

3. ஜப்பானில் பிறந்ததால் மட்டும் குடியுரிமை வராது. அங்கே வேலை பார்க்கும் தமிழ்த் தம்பதிக்கு டோக்கியோ மருத்துவமனையில் பிறக்கும் குழந்தை ஜப்பானியக் குழந்தை ஆகாது. பெற்றோர் யாரென்றே தெரியாத குழந்தை, பெற்றோர் இருவருக்குமே எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத குழந்தை என்ற இரண்டு நிலைகளில்தான் பிறந்த மண் கணக்கில் வரும்.

கோசெகி என்னும் பதிவேடு

இந்த விஷயத்தில் எல்லா வழியும் கோசெகியில் வந்து முடிகிறது. கோசெகி என்றால் குடும்பப் பதிவேடு. நம் ரேஷன் அட்டை மாதிரி ஒரு வீட்டில் குடியிருப்பவர்களின் பட்டியல் என்று நினைத்துவிடக் கூடாது, வசிக்கும் இடத்துக்கு வேறொரு பதிவு தனியாக இருக்கிறது. கோசெகி குடியுரிமையும் உறவும் சார்ந்த பதிவு. ஜப்பானியக் குடிமக்களுக்கு மட்டும்தான் அதில் இடம் உண்டு.

ஒரு கோசெகியை எடுத்துப் பார்த்தால் மேலே ஹொன்செகி என்ற முகவரி இருக்கும். அந்தக் குடும்பம் பதிவாகியிருக்கும் ஊர் அது, அங்கே யாரும் குடியிருக்க வேண்டும் என்பதில்லை. அதன் கீழே குடும்பத்தில் முதலாவதாகப் பதிவானவரின் பெயர், அப்புறம் மனைவி அல்லது கணவன், மணமாகாத பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதி, பிறந்த இடம், பிறப்பைத் தெரிவித்தவர் யார், எந்தத் தேதியில் எந்த அலுவலகம் வாங்கிக்கொண்டது என்பது வரை வரிசையாக எழுதியிருக்கும். மணமானவர் புதுக் கோசெகிக்குப் போவார். பழைய காகிதப் பதிவேடுகளில் அவர் பெயர் மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டிருக்கும். வெளிநாட்டுக்காரரை மணந்தால் அந்த வெளிநாட்டவருக்குத் தனி இடம் கிடையாது, ஜப்பானியத் துணையின் குறிப்பில் ஒரு வரியாக மட்டுமே வருவார்.

வெளிநாட்டில் பிறந்து இரட்டைக் குடியுரிமையோடு இருக்கும் குழந்தையின் பகுதியில் இன்னொரு வரியும் இருக்கும்: குடியுரிமையைத் தக்கவைப்பதாகத் தெரிவித்த தேதி. அந்த வரி இருக்கிறதா என்பதில்தான் பலருடைய வாழ்க்கை நிற்கிறது.

பாஸ்போர்ட் அலுவலகமோ தூதரகமோ முதல் பாஸ்போர்ட் எடுக்க வருபவரிடம் கேட்பதும் இதைத்தான், ஆறு மாதத்துக்குள் எடுத்த கோசெகி நகல். அது கையில் இருந்தால் பாஸ்போர்ட் சாதாரண வேலை. இல்லையென்றால் முகச்சாயல், குடும்பப் பெயர், வீட்டில் பேசும் ஜப்பானிய மொழி, தாத்தாவின் பழைய பாஸ்போர்ட் என்று எதைக் காட்டினாலும் அவை துணைச் சான்றுகள் மட்டுமே.

கண்ணி எங்கெல்லாம் அறுகிறது

1. பிறப்பைத் தெரிவிக்கும் கெடு. அதிகம் பேரை வெட்டுவது இதுதான். வெளிநாட்டில் பிறந்து, பிறப்பிலேயே அந்த நாட்டுக் குடியுரிமையும் சேர்ந்து வரும் குழந்தைக்கு, ஜப்பானியக் குடியுரிமையைத் தக்கவைக்கிறோம் என்று பெற்றோர் பிறந்த மூன்று மாதத்துக்குள் தூதரகத்திலோ ஜப்பானில் உள்ள நகராட்சியிலோ தெரிவிக்க வேண்டும். தவறினால் 12-ஆவது பிரிவின்படி குடியுரிமை பிறந்த நாள் முதலே இல்லாமல் போகும். ஒருநாளும் ஜப்பானியராக இருந்ததில்லை என்பது போலத்தான். தெரிவிக்க வேண்டிய வேலை என்னவோ சின்னது. வெளிநாட்டுப் பிறப்புப் படிவத்திலேயே தக்கவைக்கிறோம் என்ற வாசகம் அச்சிட்டிருக்கும், அதன் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும்.

1984 முடியும் வரை இந்தக் கெடு 14 நாள்தான். சாவோ பாலோ மாகாணத்தின் உட்பகுதியில் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த ஒரு குடும்பம், ரயில் பிடித்துத் துணைத் தூதரகம் போய் 14 நாளுக்குள் குழந்தையைப் பதிய வேண்டுமென்றால் எத்தனை பேரால் முடிந்திருக்கும்? கசாத்தோ மாரு கப்பல் 781 பேரோடு சான்டோஸ் துறைமுகத்தில் கரை சேர்ந்தது 1908-இல். அதற்குப் பிறகு போன லட்சக்கணக்கானவர்களின் சந்ததியில் பெரும்பாலோர் இன்று பிரேசில் குடிமக்கள் மட்டுமே.

2. தாய் வழி. 1984 டிசம்பர் 31 வரை பொதுவாகத் தந்தை வழியாகத்தான் குடியுரிமை வந்தது. மணமான தம்பதியில் அம்மா ஜப்பானியர், அப்பா வெளிநாட்டவர் என்றால் குழந்தை வெளிநாட்டவர். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் சேர வேண்டியிருந்ததால் சட்டத்தைத் திருத்தி, 1985 ஜனவரி 1 முதல் தாய் வழியையும் சேர்த்தார்கள். 1965 முதல் பிறந்து, தாய் ஜப்பானியராக இருந்தவர்களுக்கு மட்டும் மூன்று வருஷம் அவகாசம் கொடுத்தார்கள், விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம் என்று. தைவான் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் 1967-இல் டோக்கியோவில் பிறந்த அரசியல்வாதி ரென்ஹோ அப்படித்தான் 1985-இல் ஜப்பானியரானார். 1964-இல் பிறந்தவருக்கு அந்த வாசலும் இல்லை. பாட்டி வழியாகத் தேடுகிறவர்களில் நிறையப் பேர் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

3. வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பி எடுப்பது. 11-ஆவது பிரிவின்படி அந்த நிமிஷமே ஜப்பானியக் குடியுரிமை போய்விடும், ஒப்படைக்கக்கூட வேண்டியதில்லை. இயற்பியல் நோபல் பெற்ற யோய்ச்சிரோ நம்பு, சியுகுரோ மனாபே இருவரையும் ஜப்பான் தன் பிள்ளைகளாகக் கொண்டாடியது. ஆனால் இருவருமே 1970-களில் அமெரிக்கக் குடியுரிமை எடுத்தவர்கள், சட்டப்படி ஜப்பானியர் இல்லை. இந்தப் பிரிவை எதிர்த்து வெளிநாட்டில் வாழும் ஜப்பானியர்கள் போட்ட வழக்கு 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. உங்கள் தாத்தா, அப்பா பிறப்பதற்கு முன்னால் அமெரிக்கக் குடிமகனாகிவிட்டாரா, பின்னாலா என்பது அதனால் முக்கியம். முன்னால் என்றால் கதை அங்கேயே முடிந்தது.

4. பதிவேடு மாறிய கதை. கொரியாவும் தைவானும் ஜப்பானின் கையில் இருந்தபோது அந்த மக்கள் ஜப்பானியக் குடியுரிமை உள்ளவர்கள்தான், ஆனால் அவர்களுக்கென்று தனிப் பதிவேடு இருந்தது. சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை அமலுக்கு வந்த 1952 ஏப்ரல் 28-இல், அந்தப் பதிவேடுகளில் இருந்த அத்தனை பேரும் குடியுரிமையை இழந்தார்கள். கொரியரை மணந்து கணவன் வீட்டுப் பதிவேட்டுக்குப் போயிருந்த ஜப்பானியப் பெண்களும் அதில் அடக்கம். ஜப்பானில் பிறந்து, ஜப்பானியப் பெற்றோருக்கு மகளாக வளர்ந்தவள், பெயர் எந்தத் தாளில் இருந்தது என்பதற்காக வெளிநாட்டவள் ஆனாள். வம்சத்தைவிடப் பதிவேடுதான் இங்கே பேசுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரட்டைக் குடியுரிமையோடு வளர்ந்த பிள்ளை 20 வயதுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. 2022 ஏப்ரலுக்கு முன் அது 22 வயது. டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா 2019-இல் 22 வயதை நெருங்கியபோது ஜப்பானைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். ஆனால் இந்தக் கெடு தாண்டியவுடன் குடியுரிமை தானாகப் போய்விடாது. மூன்று மாதக் கெடுவையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கண்ணி அறாமல் இருந்தால் என்ன ஆகும்: புஜிமோரி

அல்பெர்தோ புஜிமோரி 1938-இல் பெருவின் லிமாவில் பிறந்தார், பெற்றோர் குமாமோத்தோவிலிருந்து குடியேறியவர்கள். 1924-இலேயே ஜப்பான் தன் சட்டத்தைத் திருத்தி, அமெரிக்கா, கனடா, பிரேசில், அர்ஜென்டினா, சிலி, பெரு ஆகிய நாடுகளில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தக்கவைக்கும் அறிவிப்பு வேண்டும் என்று வைத்திருந்தது. புஜிமோரியின் பெற்றோர் அவர் பிறப்பைத் துணைத் தூதரகத்தில் பதிந்திருந்தார்கள், பெயர் கோசெகியில் ஏறியது.

62 வருஷம் கழித்து, பெருவின் அதிபராக இருந்தவர் ஊழல் புகார்களுக்கு நடுவே 2000 நவம்பரில் டோக்கியோ வந்து, அங்கிருந்தபடியே பதவியை விட்டார். டிசம்பரில் ஜப்பான் அரசு சொன்னது: இவர் பிறந்ததிலிருந்தே ஜப்பானியக் குடிமகன். புதிதாக எதையும் வழங்கவில்லை, இருப்பதை உறுதி செய்தது, அவ்வளவுதான். பெரு எவ்வளவு கேட்டும் அவரை ஒப்படைக்கவில்லை. 2005-இல் அவராகச் சிலிக்குப் போன பிறகுதான் கைதானார். 2007-இல் ஜப்பான் மேலவைத் தேர்தலில்கூட நின்றார், தோற்றார்.

அந்த மனிதரின் ஆட்சியைப் பற்றி என்ன நினைத்தாலும், சட்டம் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். அதே லிமாவில் அதே வருஷம் பிறந்து, பெற்றோர் பதியாமல் விட்ட ஒருவருக்கு இதில் எதுவும் கிடைத்திருக்காது.

பிலிப்பைன்ஸ்: குடியுரிமை இருந்தும் பதிவு இல்லாதவர்கள்

இந்தப் பகுதியைத்தான் பொறுமையாகப் படிக்க வேண்டும். 1903-இல் பாகியோ மலைக்கு அமெரிக்கர்கள் சாலை போட்டபோது கூலிகளாகப் போன ஜப்பானியர்கள், அப்புறம் தெற்கே தாவாவோவுக்கு இறங்கி அபாக்கா நார்த் தோட்டங்களில் வேலை பார்த்தார்கள். போருக்கு முன் தாவாவோவில் சுமார் 20,000 ஜப்பானியர் வாழ்ந்தார்கள். பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடும்பம் நடத்தினார்கள். அன்றைய ஜப்பானியச் சட்டப்படி ஜப்பானியத் தந்தையின் பிள்ளை ஜப்பானியர். அன்றைய பிலிப்பைன்ஸ் சட்டமும் தந்தை வழியைத்தான் பார்த்தது. பிலிப்பைன்ஸ் 1924 பட்டியலில் இல்லாததால் 14 நாள் கெடுவும் பொருந்தவில்லை. சட்டப்படி பார்த்தால் அந்தப் பிள்ளைகள் ஜப்பானியர்கள்.

போர் வந்தது. அப்பாக்கள் சிலர் செத்தார்கள், பிழைத்தவர்கள் 1945-க்குப் பிறகு ஜப்பானுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஜப்பானிய ராணுவத்தின் கொடுமைகளை அனுபவித்த ஊரில், ஜப்பானியன் பிள்ளை என்று தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. தாய்மார்கள் திருமணச் சான்றையும் போட்டோக்களையும் எரித்தார்கள், பிள்ளைகளுக்குப் பெயரை மாற்றி மலைப்பக்கம் ஒளிந்து வளர்த்தார்கள். உயிரைக் காப்பாற்ற அழித்த அதே காகிதங்களைத்தான் அறுபது வருஷம் கழித்து நீதிமன்றம் கேட்டது.

இவர்களுக்குத் திறந்திருக்கும் வழியின் பெயர் சூசெகி. குடியுரிமை இருந்தும் கோசெகியில் ஏறாதவர், ஜப்பானின் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் தனக்கென்று ஒரு கோசெகி உண்டாக்கிக்கொள்வது. அதற்குக் காட்ட வேண்டியவை: தந்தை இன்ன ஜப்பானியர்தான், பெற்றோர் சட்டப்படி மணந்தவர்கள், நான் அந்த மணத்தில் பிறந்தவன். ஞானஸ்நானப் பதிவு, தோட்டக் கம்பெனியின் ஆள் பட்டியல், ஜப்பான் வெளியுறவு அமைச்சகத்தின் பழைய பாஸ்போர்ட் பதிவு, அண்டை வீட்டுக் கிழவரின் வாக்குமூலம் என்று துண்டு துண்டாகச் சேர்க்கிறார்கள். 2003-இல் டோக்கியோவில் தொடங்கிய ஒரு சட்ட உதவி அமைப்பு இந்த மனுக்களை நடத்துகிறது, 2006 முதல் அனுமதி கிடைத்துவருகிறது. மனுதாரர்கள் எல்லாம் எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள். தீர்ப்பு வரும் முன்பே பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சீனாவில் விடப்பட்ட ஜப்பானியக் குழந்தைகளுக்காக அரசே ஆள் வைத்துத் தேடி, 1981 முதல் அவர்களை ஜப்பானுக்கு அழைத்து வந்து சொந்தங்களைக் கண்டுபிடித்துக் கொடுக்க முயன்றது. பிலிப்பைன்ஸ் பிள்ளைகளுக்குப் பல பத்தாண்டுகளாக அந்த அக்கறை கிடைக்கவில்லை, சான்று தேடும் பாரத்தை அவர்கள் தலையிலேயே போட்டுவிட்டார்கள். இது நியாயமில்லை.

அறுந்த பிறகு என்ன வழி

1. 18 வயதுக்குள் திரும்பப் பெறுதல். மூன்று மாதக் கெடுவால் இழந்தவர், 18 வயது ஆகும் முன் ஜப்பானில் குடியிருந்தால் 17-ஆவது பிரிவின்படி நீதி அமைச்சகத்துக்குத் தெரிவித்தே மீண்டும் பெறலாம். 2022 ஏப்ரல் வரை இது 20 வயது. குடியேறி வாழ வேண்டும், சுற்றுலா விசாவில் வந்துவிட்டுக் கேட்க முடியாது.

2. தந்தை பிறகு ஏற்றுக்கொண்ட பிள்ளை. பெற்றோர் மணக்காமல், பிறந்த பிறகு ஜப்பானியத் தந்தை சட்டப்படி தன் பிள்ளை என்று ஒப்புக்கொண்டால், முன்பு மணம் முடித்தால்தான் குடியுரிமை. பிலிப்பைன்ஸ் தாய்மார்களின் பிள்ளைகள் தொடுத்த வழக்கில் 2008 ஜூன் 4-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை அரசியலமைப்புக்கு எதிரானது என்றது. 2009 ஜனவரி முதல், 18 வயதுக்குள் (அப்போது 20) இருந்தால், மணம் இல்லாமலும் தெரிவித்துப் பெறலாம்.

3. எளிதாக்கிய குடியுரிமை விண்ணப்பம். ஜப்பானியரின் பிள்ளை ஜப்பானில் குடியிருந்தால் வயது, வருஷக் கணக்கு, வருமானம் ஆகிய நிபந்தனைகளைத் தளர்த்த 8-ஆவது பிரிவு இடம் தருகிறது. முன்பு ஜப்பானியராக இருந்தவரின் பிள்ளைக்கு மூன்று வருஷ வாசம் என்று 6-ஆவது பிரிவு சொல்கிறது. பேரப்பிள்ளைக்கு என்று தனிச் சலுகை எதுவும் இல்லை. இவையெல்லாம் அமைச்சரின் முடிவுக்கு உட்பட்டவை, பொதுவாகப் பழைய குடியுரிமையையும் விட வேண்டியிருக்கும்.

4. விசா. பெரும்பாலோருக்கு நடைமுறையில் இதுதான். 1990 ஜூனில் அமலுக்கு வந்த குடிவரவுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இரண்டாம், மூன்றாம் தலைமுறை நிக்கேய்களுக்கு வேலைக் கட்டுப்பாடு இல்லாத வாச உரிமை கிடைத்தது. நிக்கேய் என்றால் வெளிநாட்டில் வாழும் ஜப்பானிய வம்சத்தவர். தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது, அதனால் கதவு திறந்தது. 2009-இல் வேலை போனபோது, திரும்பிப் போகிறவருக்கு 3 லட்சம் யென் என்று கொடுத்து அனுப்பவும் செய்தார்கள். நான்காம் தலைமுறைக்கு 2018 ஜூலையில் தனித் திட்டம் வந்தது, 2023 கடைசியில் வயது வரம்பை 30-லிருந்து 35 ஆக்கினார்கள். ஆனால் எத்தனை வருஷம் இருந்தாலும் விசா கோசெகி ஆகாது, ஓட்டும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை.

எங்கிருந்து தேடத் தொடங்குவது

தாத்தாவின் பெயர் கான்ஜியில் (ஜப்பானியர் எழுதும் சீன எழுத்து), அவருடைய ஹொன்செகி எந்த ஊர், இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த ஊர் நகராட்சிக்கு, நேர் வாரிசு என்பதற்கான சான்றோடு தபாலில் எழுதிக் கேட்கலாம். நடப்புக் கோசெகிக்கு 450 யென், மூடிய பழைய பதிவேட்டுக்கு 750 யென். மூடிய பதிவேடுகளை 80 வருஷத்தோடு அழித்துவந்தவர்கள் 2010 முதல் 150 வருஷம் வைத்திருக்கிறார்கள். ஒகினாவா வம்சத்தவர்களுக்குச் சிக்கல் அதிகம், 1945 போரில் அங்கே பெரும்பாலான பதிவேடுகள் எரிந்து, பிறகு நினைவிலிருந்தும் வாக்குமூலங்களிலிருந்தும் திரும்ப எழுதப்பட்டவை. நகல் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் அப்பா அல்லது அம்மாவின் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்பது. இதை நீங்களே செய்யலாம், பாஸ்போர்ட் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவருக்கு இதற்கு மேல் எந்தச் சாவியும் கிடையாது.

நம்மூர்க் குழந்தைகளுக்கு

கணவன் மனைவியில் ஒருவர் இந்தியர், ஒருவர் ஜப்பானியர், குழந்தை சென்னையில் பிறக்கிறது என்று வையுங்கள். இந்தியச் சட்டப்படி அது பிறப்பிலேயே இந்தியக் குடிமகன், ஜப்பானியச் சட்டப்படி ஜப்பானியக் குடிமகன். ஆகவே மூன்று மாதக் கெடு இந்தக் குழந்தைக்கு அப்படியே பொருந்தும். சென்னையில் ஜப்பானின் துணைத் தூதரகம் இருக்கிறது. மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வரத் தாமதமாகும், பேறுகாலத்துக்கு ஊருக்குப் போன இடத்தில் நாள் ஓடும், பெயர் வைக்கும் பேச்சில் மாதம் போகும். கெடுவை யாரும் நினைவூட்டமாட்டார்கள்.

2015 மார்ச் 10-இல், பிலிப்பைன்ஸில் பிறந்து இந்தக் கெடுவால் குடியுரிமை இழந்தவர்களின் வழக்கில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் 12-ஆவது பிரிவு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஜப்பானுக்கு வந்து குடியிருந்து திரும்பப் பெற வழி இருக்கிறதே என்பதும் அது சொன்ன காரணங்களில் ஒன்று. மணிலாவில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய்க்கு அது எவ்வளவு தூரத்து வழி என்று யோசித்துப் பார்த்தால், அந்தக் காரணத்தை ஏற்க மனம் வரவில்லை.

கெடுவுக்குள் பதிந்துவிட்டால் இன்னொரு சட்டம் எதிரே வரும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, இந்திய பாஸ்போர்ட்டையும் ஜப்பான் பாஸ்போர்ட்டையும் சேர்த்து வைத்திருக்க வழியில்லை. ஜப்பான் பாஸ்போர்ட்டை எடுக்கிற குடும்பங்கள் குழந்தைக்கு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சத்தவருக்கு இந்தியா தரும் அட்டை) வாங்கிவிடுகிறார்கள். அந்த அட்டை குடியுரிமை இல்லை என்பதால் அதனால் ஜப்பானியக் குடியுரிமைக்கு ஆபத்தில்லை. எந்த பாஸ்போர்ட் என்பதை அப்புறம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். துணைத் தூதரகத்துக்குப் போவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், தவறினால் பிள்ளை 18 வயதுக்குள் ஜப்பானில் போய்க் குடியிருந்துதான் திரும்ப வாங்க முடியும்.